துறையடி வளவில் மூன்று நாள் எண்ணிக்கை

போன மாதம் கம்பனியிலிருந்து நிரோஷினி என்ற பிள்ளை என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் பார்த்த வேலையை இப்போது அவள்தான் பார்க்கிறாள். பழைய கோப்பு ஒன்றைக் கிண்டி எடுத்து வைத்திருந்தாள்.

"சேர், வாவிக்கு அங்கால துறையடியில ஒரு வளவு. வெள்ளம் ஏறாது, நிழல் இரிக்கு, சனம் வந்து இறங்குற இடம் எண்டு எல்லாத்துக்கும் நல்ல புள்ளி போட்டிரிக்கீங்க. கடைசில மட்டும் 'எடுக்கக் கூடாது' எண்டு எழுதியிரிக்கீங்க. காரணம் எழுதுற கட்டம் வெறுமையாக் கிடக்கு. ஏன் சேர்?"

"மறந்திட்டன் பிள்ள" என்றேன். பச்சைப் பொய். அந்தக் கட்டத்தை நான் ஒரு நாளும் மறந்ததில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் வேலை சூப்பர்மார்க்கெட்டுகளுக்கு இடம் பார்ப்பது. மனைவியின் ஆட்கள் கன காலமாக என்னை வீடு கட்ட நிலையம் எடுக்கிற சாத்திரி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். கல்யாண வீடுகளில் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், கிணறு எந்த மூலையில் வர வேண்டும் என்று கேட்பார்கள். கேட்டவர்களை ஏமாற்றாமல் ஏதாவது சொல்லியும் வைத்திருக்கிறேன். சவூதியில் ஒரு பெரிய கடையில் பல வருடம் சாமான் அடுக்கிவிட்டு ஊர் திரும்பியவன் நான். கடை என்றால் உள்ளே இருப்பது என்றுதான் அதுவரை எண்ணம். அது வெளியே இருக்கிற விசயம் என்று காட்டியவர் எங்கள் பகுதிப் பொறுப்பாளர் றொசைரோ சேர். போர்த்துக்கேய வழி வந்த மட்டக்களப்புப் பறங்கியர். கஞ்சி போட்ட வெள்ளைச் சேட்டும் கறுப்புக் குடையுமாக வருவார். கதிரை கொடுத்தால் முதலில் கைக்குட்டையை விரித்துவிட்டுத்தான் உட்காருவார். காணிக்காரர் எவ்வளவு கதைத்தாலும் "ம்" மட்டும்தான்.

அவர் எதையும் வாயால் விளக்குகிற ஆளில்லை. காத்தான்குடியில் கம்பனிக்காரருக்கு ஒரு மூலை வளவில் ஆசை. சேர் என்னைப் பின்னேரம் நான்கு மணிக்குக் கூட்டிக்கொண்டு போய், சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாசலில் நிற்கச் சொன்னார். உள்ளங்கால் வெந்துபோனது. பொம்பிளைகள் சாமான் வாங்க வருகிற நேரத்தில் அந்தப் பக்கம் முழுக்க வெயில். எதிர்ப்பக்கத்தை எடுத்தோம். உன்னிச்சைப் பக்கம் ஒரு காணிக்காரர், மாரியிலும் தண்ணீர் நிற்காது என்று கோயில் பக்கம் கையைக் காட்டிச் சத்தியம் பண்ணினார். சேர் ஒன்றும் பேசாமல் குடை நுனியால் அங்கே நின்ற புளிய மரத்தைத் தொட்டார். என் நெஞ்சு உயரத்தில் மரப்பட்டையில் சேறு காய்ந்த கோடு. அந்த வேலையும் அத்தோடு முடிந்தது.

எண்ணுகிற முறையையும் அவர்தான் பழக்கினார். இடத்துக்கு முன்னால் மூன்று நாள், அடுத்தடுத்து, ஒரே ஆள், ஒரே இடத்தில் இருந்து எண்ண வேண்டும். இரண்டு கையிலும் இரண்டு கிளிக்கர், விரலால் அழுத்த அழுத்த எண் கூடும் சின்ன மெசின். போகிறவருக்கு வலது கை, வருகிறவருக்கு இடது கை. ஒரே ஆள் பத்துத் தரம் போனாலும் கடைசிக் கணக்கில் ஒன்றுதான். நாலாம் நாள் என்று ஒன்று கிடையாது. அதற்கு இடம் கொடுத்தால் ஆளுக்காள் தங்களுக்குப் பிடித்த இடத்துக்குக் கணக்கை வளைப்பார்கள் என்பது சேரின் கொள்கை.

இன்னொரு விசயமும் இருந்தது. "கண் ஏமாத்தும், விரல் மறந்து போகும். தலைய ஆட்டி எண்ணு" என்பார். ஒரு ஆள் கடந்தால் ஒரு சின்னத் தலையசைப்பு. கழுத்து அசைந்தால் விரல் தானாக அழுத்தும், பிழையே வராது. நானும் பழகினேன். பழக்கம் கழுத்தோடு ஒட்டிப் போயிற்று. கோயில் வாசலில் நின்றாலும், செத்த வீட்டுக்குப் போனாலும் தலை ஆடும். "செத்த வீட்டிலயும் கணக்கெடுக்கிறீங்களா? மானத்த வாங்காம இரிங்க" என்று மனைவி விலாவில் இடிப்பாள்.

துறையடி வளவுக்கு வருகிறேன். ஊரின் பெயர் வேண்டாம். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறது. அங்கே இன்னும் பாலமில்லை. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு ஒரு மிதவை வாவியைக் கடக்கும். எங்கள் பக்கத்தில் அதைப் பாதை என்போம். பாதையால் இறங்கும் சனம் முழுவதும் துறையிலிருந்து ஊருக்குள் போகும் ஒரே வீதியில்தான் நடக்க வேண்டும். அந்த வீதியில், துறையிலிருந்து ஐம்பது அடி தள்ளி, ஒரு வெறும் வளவு. ஓரத்தில் பெரிய மருத மரம். சண்டை ஓய்ந்து சில வருடங்கள் கழிந்திருந்த நேரம் அது. இப்படி ஒரு இடம் யார் கையிலும் படாமல் எப்படிக் கிடக்கிறது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

காணிக்காரி பூமணி. அப்போது ஐம்பது வயதைத் தொட்டிருப்பார். தாய் வழியில் வந்த சீதனக் காணி. புருசன் இல்லை என்று தெரிந்தது, எப்படி என்று நான் கேட்கவில்லை. மகளுக்குச் சம்பந்தம் பேசியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு இல்லாமல் கல்யாணம் இல்லை. கம்பனி வளவை எடுத்தால் குத்தகைக் காசில் பின்காணியில் மகளுக்கு வீடு எழும். பூமணி என்னிடம் எதையும் ஒளிக்கவில்லை.

"கடை வருமா சேர்?"

"மூண்டு நாள் எண்ணிப் பாத்துத்தான் சொல்லலாம். சனம் காணுமெண்டா, போதுமான அளவு இரிந்தா வரும்."

அவர் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கதிரை கொண்டுவந்து தந்தார். நான் அதை மருத மரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போக, பின்னால் வந்து, "அந்த மரத்தடி வேணாம் சேர். முசுறு கடிக்கும்" என்றார். போய்ப் பார்த்தேன். ஒரு முசுறு எறும்புகூட இல்லை. துறையும் வீதியும் ஒருசேரத் தெரிகிற இடம் அது ஒன்றுதான். அங்கேயே கதிரையைப் போட்டேன். பூமணி ஒரு தரம் மரத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

முதல் நாள் காலை கை ஓயவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீன்காரர், அரசாங்க அலுவலாகக் கச்சேரிக்குப் போகிறவர்கள். மதியத்துக்குள் இருநூறைத் தாண்டியது. மகளுக்கு வீடு எழும்பிற்று என்றே நினைத்தேன். மதியத்துக்குப் பிறகு வீதி போடுவதற்குக் கிரவல் ஏற்றிய டிப்பர்கள் வரத் தொடங்கின. ஒரே புழுதி. துவாயைத் தலையில் போட்டு, மூக்கையும் வாயையும் சேர்த்துச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். கண் மட்டும் வெளியே. பின்னேரம் சனம் குறைந்தது. வெயிலாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் புழுதிக்குப் பயந்து காலையிலேயே துவாயைக் கட்டிவிட்டேன். பாதை நிறையச் சனம் வந்து இறங்கியது. கதைத்துச் சிரித்துக்கொண்டு ஏறி வந்தவர்கள் மரத்தைக் கண்டதும் வாயை மூடினார்கள். வீதியைக் கடந்து அந்தப் பக்க வேலியோரமாக, ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். ஒரு தாய் பிள்ளையின் முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனாள். ஒரு மனிதர், என் வயதிருக்கும், சேட்டுப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு என்னைக் கடந்தார். என்னைக் கடந்ததும் அதைக் குனிந்து பார்த்தார். தான் ஏன் அதை எடுத்தேன் என்று அவருக்கே தெரியாத மாதிரி இருந்தது. நான் தலையசைத்தேன், அழுத்தினேன். அவருடைய நடை ஒரு கணம் தடுக்கிப் பிறகு வேகமெடுத்தது. அன்றைக்கு முழு நாளும் நாற்பதுக்கு மேல் போகவில்லை.

மூன்றாம் நாள் ஒருவரும் வரவில்லை.

பாதை வந்தது. ஆட்கள் இறங்கினார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வாவிக் கரையோரம் கண்டல் பற்றைக்குள்ளால், முழங்கால் தண்ணீரில், வளவின் பின்புறமாகச் சுற்றிப் போனார்கள். தண்ணீர் சளசளக்கிற சத்தம் மட்டும் கேட்டது. நல்ல காலை வெயிலில், வெறும் வீதியைப் பார்த்துக்கொண்டு, துவாய் சுற்றிய முகத்தோடு, இரண்டு கையிலும் கிளிக்கரோடு நான் தனியே இருந்தேன். அந்த மரத்தில் ஏதோ இருக்கிறது என்று தோன்றிற்று. அண்ணாந்து பார்த்தேன். இலை அசையவில்லை.

பத்து மணி இருக்கும், ஒரு பெண் வந்தாள். முந்தானையால் தலையை மூடி முகத்தைத் தாழ்த்தியிருந்தாள். கையில் சிவப்புப் பை. துறையிலிருந்து, ஊருக்குள் வீதியோரம் இருக்கிற கோயில் பக்கம் போனாள். வேலியோரமாக ஒதுங்காமல் என் முன்னாலேயே, எனக்கு ஆறடியில் நடந்தாள். தலையசைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அதே பெண் திரும்பவும் துறையிலிருந்து வந்தாள். இடையில் பாதை வரவே இல்லை. கோயில் பக்கமிருந்து அவள் திரும்பி வந்ததையும் நான் காணவில்லை. கையில் பைக்குப் பதிலாகக் கூடை. தலையசைத்தேன். பிறகு மூன்றாம் தரம், வெறுங்கையோடு. நான்காம் தரம் ஒரு குடத்தோடு. ஒவ்வொரு தரமும் துறையிலிருந்து கோயிலுக்கு. என் இடது கைக் கிளிக்கர் பூச்சியத்திலேயே நின்றது.

வீதியைப் பார்த்தேன். புழுதியில் ஈரக்கால் தடங்கள், எல்லாமே ஒரே திசையில். போனது மட்டும் இருந்தது, வந்தது இல்லை. எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது, கால் வரவில்லை. தலை மட்டும் அவள் கடக்கக் கடக்கத் தன்பாட்டில் ஆடிக்கொண்டே இருந்தது. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை.

பதினோராம் தரம் அவள் வரும்போது மூச்சு முட்டித் துவாயைப் பிடுங்கி எறிந்தேன். அவள் நின்றாள். முந்தானை விலகியது. பூமணி. முழங்கால் வரை வாவிச் சேறு. கோயிலடியால் கரைக்கு இறங்கி, தண்ணீருக்குள்ளால் துறைக்கு வந்து, திரும்பத் திரும்ப என் முன்னால் நடந்திருக்கிறார். என் முகத்தைக் கன நேரம் பார்த்தார்.

"காணுமா சேர்?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. கதிரையை விட்டு எழுந்து அவரை இருக்கச் சொன்னேன். "அதில மட்டும் இரிக்கச் சொல்லாதீங்க" என்று வீதியிலேயே குந்திவிட்டார். அங்கே இருந்துதான் சொன்னார்.

"சண்டைக்குள்ள ஒரு நாள் விடிய ஆமி வந்து, ஊரில இரிந்த ஆம்பிளையள் எல்லாரையும் இந்த வளவுக்கு வரச் சொன்னாங்க. வரிசையா இந்த மரத்துக்கு முன்னால நடக்க விட்டாங்க. மரத்தடில கதிரை போட்டு ஒருத்தன் இரிந்தான். தலையில சாக்கு, கண்ணுக்கு ரெண்டு ஓட்ட. தலையாட்டி. அவன் ஆட்டாட்டி வீட்ட போகலாம். ஆட்டினா அங்கால நிக்கிற லொறிக்கு. என்ட அவர் போகக்குள்ள ஆட்டினான் சேர். அப்பிடிப் பதினேழு பேருக்கு ஆட்டினான். ஒருத்தரும் மறுகா வரல்ல."

"ஆர் அவன்?"

"ஆருக்குத் தெரியும்? எங்கட ஊராள் ஒருத்தன் எண்டு மட்டும் தெரியும். ஆளத் தெரியாட்டி பேர் சொல்ல ஏலாதே."

நான் கீழே கிடந்த துவாயைப் பார்த்தேன். தலையாட்டி என்ற சொல்லை அறியாதவன் அல்ல நான். என் ஊரிலும் நடந்ததுதான். அந்தக் காலத்தில் நான் நாட்டில் இல்லை. தெரியாதவன் மாதிரி இருப்பதற்கு அது எனக்கு எப்போதும் ஒரு சாட்டு.

"நீங்க கடைக்காறர் எண்டு எல்லாருக்கும் சொன்னன். அவங்களுக்கும் தெரியும். எண்டாலும் கால் கேக்குதில்லையாம். சனம் இல்லாட்டிக் கடை வராது எண்டு நீங்க சொன்னீங்க. அதான் நான் மட்டும் நடந்தன்." பிறகு, பயந்து பயந்து, மறுபடியும் கேட்டார். "பதினொரு தரம் ஆட்டினீங்க. நானும் எண்ணினன். காணாதா சேர்?"

நான் அழுதேன். அவர் அழவில்லை.

மறுநாள் கம்பனிக் கந்தோரில் றொசைரோ சேரிடம் தாளை நீட்டினேன். மூன்றாம் நாள் கட்டத்தில் விரலை வைத்தார்.

"பதினொண்டு. வேற வேற ஆள் எத்தின?"

"ஒண்டு சேர்."

நடந்ததைச் சொன்னேன். நாலாம் நாள் ஒன்று தாருங்கள், முகத்தை மூடாமல், வேறு இடத்தில் இருந்து எண்ணுகிறேன் என்று கெஞ்சினேன். சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நானும் ஒரு தலையாட்டிக்கு முன்னால நடந்தவன் மனே" என்றார். அவர் என்னை மகன் முறை வைத்துக் கூப்பிட்டது அந்த ஒரு தரம்தான். "டவுணில. எனக்கு முன்னால கனக்கப் பேர் போனாங்க. ஆட்டுறானா இல்லையா எண்டு அந்தத் தலையவே பாத்துக்கொண்டு போனன். எனக்கு ஆட்டல்ல. அதுக்குப் பிறகுதான் எண்ணக்குள்ள என்ட தலை ஆடத் தொடங்கினது. பிழை விடாம எண்ண நல்ல வழியொண்டு கண்டுபிடிச்சிட்டன் எண்டு நினைச்சன். உனக்கும் படிப்பிச்சன்."

என் கழுத்து எனக்குச் சொந்தமில்லாத ஒன்று போலிருந்தது. அது யாருடைய அசைவு? சாக்குக்குள் இருந்த ஒருவனிடமிருந்து சேருக்கும், சேரிடமிருந்து எனக்கும் வந்திருக்கிறது. எத்தனை சந்தியில், எத்தனை வாசலில் நான் அதை ஆட்டியிருக்கிறேன்?

"நாலாம் நாள் இல்ல" என்றார் சேர் கடைசியில். "எடுக்கக் கூடாது எண்டு எழுது. காரணம் எழுதாத. எழுதினா அந்த வளவில அது ஒட்டிக்கொண்டிரிக்கும்."

எழுதினேன். கம்பனி பூமணிக்கு ஒரு கடிதம் அனுப்பியது. நேரில் போய்ச் சொல்கிற தைரியம் எனக்கு வரவில்லை. இந்தக் குறையை நான் யார் மேலும் போட முடியாது. சேர் அடுத்த வருடம் ஓய்வு பெற்றார், சில வருடத்தில் காலமானார். அவருடைய செத்த வீட்டில் இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இவ்வளவையும் எழுதிய பிறகு நிரோஷினியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் முழுதையும் கேட்டாள். பிறகு, "வாங்க சேர், போய்ப் பாப்பம்" என்றாள்.

போன கிழமை போனோம். பாதை இன்னும் ஓடுகிறது. மருத மரம் நிற்கிறது. பூமணிக்குத் தலை முழுக்க நரை. என்னைக் கண்டதும், "வாங்க சேர்" என்றார், நேற்றுப் போய் இன்று வந்தவனைப் போல. அந்தச் சம்பந்தம் முறிந்து போனதாம். மகள் குவைத்துக்குப் போய், ஏழு வருடம் வீட்டு வேலை செய்து, தன் வீட்டைத் தானே கட்டிக்கொண்டு, பிந்தித்தான் கல்யாணம் முடித்திருக்கிறாள். என் மேல் கோபமாகச் சொன்னாலாவது தாங்கியிருப்பேன். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே சொன்னார்.

நிரோஷினி தன் போனில் ஒரு வரைபடத்தைக் காட்டினாள். வளவுக்கு முன்னால் வீதி, சனம் நிறையப் போகிற இடத்துக்குரிய இரத்தச் சிவப்பாக இருந்தது. "இஞ்சால ஒரு நாளைக்கு எத்தின பேர் போறாங்க எண்டு இதில விழும் அம்மா. எல்லார்ர போனிலயும் இரிந்து வாறது. ஒருத்தரும் வெயில்ல இரிந்து எண்ணத் தேவல்ல."

"நாங்க போறது வாறது எல்லாம் இதுக்குத் தெரியுமா?"

"ஓம் அம்மா."

"எண்ணுறவன் எங்க இரிக்கான்?"

"அப்பிடி ஒருத்தரும் இல்ல அம்மா."

பூமணி வரைபடத்தை உற்றுப் பார்த்தார். பிறகு தன் போனை இடுப்பிலிருந்து எடுத்து, மேசையில் கவிழ்த்து வைத்து, கொஞ்சம் தள்ளியும் வைத்தார்.

"இவரெண்டாலும் துவாயக் கழட்டி முகத்தக் காட்டினவர்" என்றார். "வளவத் தாறன் பிள்ள. இது சும்மா கிடந்து கிடந்துதான் ஆக்கள் இன்னும் ஒதுங்கிப் போறாங்க. இஞ்ச லைட் எரியோணும், சனம் ஏறி இறங்கோணும். ஆனா எண்ணுறதெண்டா இவர் வந்து எண்ணட்டும். அதே மரத்தடில. முகத்த மூடாம."

கம்பனிக்கு அந்த எண்ணிக்கை தேவையில்லை. எனக்குத் தேவைப்பட்டது. மறுநாள் காலை பூமணியே கதிரையைக் கொண்டுவந்து மரத்தடியில் போட்டார். நான் கிளிக்கர் கொண்டுபோகவில்லை. ஒரு கொப்பியும் பேனையும் மட்டும். வெறுமுகத்தோடு, வெயில் கண்ணில் அடிக்க, கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு இருந்தேன்.

பாதை வந்தது. சனம் இறங்கி, துறையில் கூட்டமாக நின்று மரத்தைப் பார்த்தது. ஒருவரும் வீதியில் கால் வைக்கவில்லை. சிலர் கரையோரமாகத் திரும்பிச் செருப்பைக் கழற்றத் தொடங்கினார்கள். அப்போது பூமணி அவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். தனியே, நடுவீதியால், தலையை மூடாமல் நடந்து வந்தார். எனக்கு நேரே வந்ததும் என் முகத்தைப் பார்த்து, துறையில் நிற்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "ஒண்டு" என்றார்.

எழுதினேன்.

இரண்டடி நடந்தார். அவருக்குப் பக்கத்திலோ பின்னாலோ ஒருவரும் இல்லை. திரும்பிப் பார்க்காமல், அதே குரலில், "ரெண்டு" என்றார்.

லொறியேறிய பதினேழு பேருக்கும் கொப்பியில் இடம் விட்டு, நான் இரண்டு என்று எழுதினேன்.